பில்லின் அடியில் இருக்கும் 18 வீதம்

உல்லாசக் கப்பலில் ஒரு பியர் ஏறத்தாழ 8 டொலர். அதன்மேல் 18 வீதச் சேவைக் கட்டணம் தானாகவே ஏறி, பில்லில் 9 டொலர் 44 சதம் என்று விழும். ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்தால் 2,832 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில், எங்கள் அம்மாமார் இரண்டு நாள் மலை ஏறி, அட்டைக்கடி பட்டுக் கொழுந்து பறித்து வாங்கிய இரண்டு பேர், அதாவது இரண்டு நாட்சம்பளம், கப்பலில் ஒரு டின் பியருக்குப் போதவில்லை.

இலங்கை மலையகத்தின் இறம்பொடைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கரீபியன் கடலிலும் மத்தியதரைக் கடலிலும் ஓடிய கப்பல்களில் பார் வெயிட்டராக வேலை பார்த்தவன் நான். இப்போது ஊருக்கே திரும்பி, நுவரெலியா வீதியோரத்து விடுதி ஒன்றில் சாப்பாட்டு மண்டபத்தைக் கவனித்துக்கொள்கிறேன். என்னிடம் இரண்டு விதமான ஆட்கள் கப்பலைப் பற்றிக் கேட்பார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் கப்பல் பயணம் போகுமுன் தொலைபேசியில் அழைத்து, "டிப்ஸ் கட்டாயமா? குடிவகைப் பெக்கேஜ் எடுக்கலாமா?" என்பார்கள். தோட்டத்துப் பொடியன்மார், "அண்ணே, கப்பலில் சம்பளம் எவ்வளவு?" என்பார்கள். இரண்டு கேள்விக்கும் விடை அந்த 18 வீதத்தில்தான் இருக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் விலை. கப்பலில் பில்லுக்குக் காசு புழங்காது. ஏறும்போது ஒரு அட்டை தருவார்கள். அறைக் கதவைத் திறப்பதும் அதுதான், செலவு ஏறுவதும் அதில்தான். பயணி அட்டையை நீட்டுவார், நாங்கள் இயந்திரத்தில் தொட்டு எடுப்போம், ஒரு துண்டில் கையெழுத்து. கையில் இருக்கும் காசு குறையாததால் செலவு உறைக்காது. கடைசி இரவில்தான் மொத்தக் கணக்கு வரும். மறுநாள் விடியற்காலை வரவேற்பு மேசைக்கு முன்னால் நீளும் வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர், "இவ்வளவு எப்படி வந்தது?" என்று கேட்கவே வந்திருப்பார்கள்.

நடுக்கடலில் எந்த நாட்டு மதுவரியும் இல்லை. போத்தல் கப்பலுக்கு மலிவாகத்தான் வந்து சேர்கிறது. அப்படியிருந்தும் பெரிய நகரத்து ஹோட்டல் விலைக்கு விற்கக் காரணம், கப்பல் கொம்பனி பயணச்சீட்டை மட்டும் நம்பி ஓடுவதில்லை. பெரிய கொம்பனிகளின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பயணி ஏறிய பிறகு உள்ளே செய்யும் செலவிலிருந்து வருகிறது. மது, சூதாட்டம், கரைச் சுற்றுலா, இணையம் எல்லாம் அதில் அடக்கம். சீட்டு விலையைக் குறைத்து ஆட்களை ஏற்றி, உள்ளே சம்பாதிப்பது அவர்கள் முறை. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் கப்பல்களில் ஒரு கொக்டெயில் 14 டொலர் அளவில் இருக்கும். சேவைக் கட்டணத்தோடு 16 டொலர் 52 சதம். ஒரு டின் சோடாவுக்கும் போத்தல் தண்ணீருக்கும்கூட விலை உண்டு. குழாய்த் தண்ணீர், சாதாரணக் கோப்பி, தேநீர், காலைச் சாப்பாட்டில் பழச்சாறு ஆகியவை பெரும்பாலும் இலவசம்.

அந்தத் தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் தாண்ட முடியவில்லை. வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தேயிலைப் பைகள் குவிந்து கிடக்கும். ஆறிய தண்ணீரில் பையை முக்கி எடுத்து, நிறம் வந்தால் தேநீர் என்று குடிப்பார்கள். உயர் மலைத் தேயிலைக்குப் பொங்கும் நீர் வேண்டும், மூன்று நான்கு நிமிடம் மூடி வைக்க வேண்டும். எங்கள் விடுதிக்கு வருகிறவர்களுக்கு நான் அப்படித்தான் ஊற்றிக் கொடுக்கிறேன். குடித்துவிட்டு, "இதுவரை நாங்கள் குடித்தது என்ன?" என்று கேட்காதவர் குறைவு.

இனி பெக்கேஜ். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டிவிட்டால் விரும்பியபடி குடிக்கலாம் என்பார்கள். கப்பலுக்கும் பருவத்துக்கும் தக்க விலை மாறும். உதாரணமாக நாளொன்றுக்கு 80 டொலர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் 18 வீதம் உண்டு, ஆக 94 டொலர் 40 சதம். இந்தக் காசு வீண்போகாமல் இருக்க ஒவ்வொரு நாளும் பத்து பியர் அல்லது ஆறு கொக்டெயில் குடிக்க வேண்டும். கப்பல் துறைமுகத்தில் நிற்கிற நாளில் பகல் முழுதும் நீங்கள் கரையில் சுற்றுவீர்கள். அன்றைக்கும் அதே காசு. றோயல் கரீபியன் போன்ற கொம்பனிகளில், ஒரே அறையில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் மதுப் பெக்கேஜ் எடுத்தால் மற்றவரும் எடுத்தாக வேண்டும். கார்னிவல் கப்பல்களில் பெக்கேஜ் எடுத்தவருக்கும் நாளுக்கு 15 கிளாஸ் மது என்ற எல்லை இருக்கிறது.

நம் குடும்பங்களில் சித்தப்பா இரண்டு கிளாஸ் எடுப்பார், சித்தி தோடம்பழச் சாறோடு நிறுத்திக்கொள்வார். அப்படிப்பட்டவர்களுக்கு பெக்கேஜ் நட்டம்தான். தனித்தனியாக வாங்குங்கள். ஏறும் நாளில் ஆளுக்கு ஒரு 750 மில்லிலீற்றர் வைன் போத்தல் கொண்டுவரப் பல கொம்பனிகள் விடுகின்றன. துறைமுகக் கடையில் வாங்கும் சாராயத்தையும் விஸ்கியையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு கடைசி இரவில்தான் தருவார்கள். கொடுத்த காசுக்குக் குடித்தே ஆக வேண்டும் என்று அளவு மீறியவர்களை நான் அறைவரை தாங்கிக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். சம்பள நாளில் சாராயக் கடை வாசலில் எங்கள் ஆட்கள் விழுந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கண்ணாடி விளக்குகளுக்குக் கீழே நடந்தாலும் அது அதே துயரமாகத்தான் பட்டது.

பில்லில் ஏறும் வீதம் கொம்பனிக்குக் கொம்பனி வேறு. றோயல் கரீபியனில் 18 வீதம். நோர்வீஜியனில் 20 வீதம். இது குடிவகைகளுக்கு ஏறுவது. இதைத் தவிர ஆளுக்கு, நாளுக்கு என்று இன்னொரு கட்டணம் இருக்கிறது. றோயல் கரீபியனில் 2024 செப்டெம்பரிலிருந்து சாதாரண அறைக்கு 18 டொலர் 50 சதம். கணவன் மனைவி ஏழு இரவு போனால் 259 டொலர், கிட்டத்தட்ட 77,700 ரூபா. குழந்தைக்கும் இதே கணக்குத்தான். சீட்டு வாங்கும்போது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் தொகையில் இது இராது.

முன்பெல்லாம் கடைசி இரவில் கடித உறைகள் கொடுப்பார்கள். அறை துப்புரவு செய்தவருக்கு ஒன்று, மேசை வெயிட்டருக்கு ஒன்று, அவருடைய உதவியாளுக்கு ஒன்று. பயணி விரும்பியதை வைத்து நேரே கையில் கொடுப்பார். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கப்பல்களில் ஒரே மேசை, ஒரே வெயிட்டர் என்ற ஒழுங்கு தளர்ந்தது. அதோடு இந்தத் தானியங்கிக் கட்டணம் பரவியது. அதில் ஒரு நன்மை உண்டு. பயணி கண்ணால் காணாத ஆட்களுக்கும் பங்கு போகிறது. சலவை அறையில் இருப்பவர், கோப்பை கழுவுபவர், பாருக்குப் பின்னால் ஐஸ் தூக்குபவர் ஆகியோரை எந்தப் பயணியும் தேடிப்போய் உறை கொடுத்ததில்லை.

நான் கொண்டுபோய் வைத்த ஒவ்வொரு கிளாஸிலும் 18 வீதம் ஏறியது. அது முழுதும் எனக்கு வரவில்லை. ஒரு பகுதி எனக்கு, ஒரு பகுதி மது கலப்பவருக்கு, ஒரு பகுதி உதவியாளருக்கு. பயணத்துக்குப் பயணம் அது கூடும், குறையும். ஒப்பந்தத்தில் எழுதியிருந்த அடிப்படைச் சம்பளம் சிறியது. வீட்டுக்கு நான் அனுப்பிய காசில் பெரும்பகுதி அந்த 18 வீதத்திலிருந்து வந்தது. தங்கச்சியின் ஆசிரியர் கலாசாலைச் செலவும் லயத்துக் கூரைக்கு மாற்றிய தகரமும் அந்தக் காசுதான்.

அதனால்தான் பயணம் போகிறவர்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பல கப்பல்களில் நாளாந்தக் கட்டணத்தை வரவேற்பு மேசையில் சொல்லி நீக்கிவிடலாம். இணையத்தில் இதை ஒரு சிக்கன உபாயமாகச் சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். ஒரு முறை, நல்ல மனமுள்ள ஒரு தம்பதி அந்தக் கட்டணத்தை நீக்கிவிட்டு, "கொம்பனிக்கு எதற்கு, உனக்கே தருகிறோம்" என்று என் கையில் இருபது டொலரை வைத்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்த அன்பு உண்மையானது. ஆனால் அவர்கள் அறையைத் தினம் இருமுறை ஒழுங்குபடுத்திய பிலிப்பீன்ஸ்காரருக்கு அன்றைக்கு ஒன்றும் இல்லை. கட்டணத்தை நீக்கிய பயணி கையில் கொடுக்கும் காசையும் பொதுக் கணக்கில் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி பல கப்பல்களில் இருக்கிறது. அந்த இருபது டொலரை நானும் ஒப்படைத்தேன். கட்டணம் அப்படியே இருக்கட்டும். யாராவது உங்களை உள்ளன்போடு கவனித்தால் அதற்கு மேல் ஒன்றிரண்டு டொலர் கையில் கொடுங்கள். அவருடைய பெயரைப் பயண முடிவில் கேட்கும் கருத்துப் படிவத்தில் எழுதுங்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கு அந்த எழுத்து உதவும்.

பயணியின் ஊரைக் கொண்டு அவர் கொடுக்கும் பழக்கத்தைச் சொல்லிவிடலாம். அமெரிக்கர் முதல் கிளாஸுக்கே ஒரு டொலரை மேசையில் வைப்பார். அவுஸ்திரேலியரும் பிரித்தானியரும் வீட்டில் அப்படிப் பழகாதவர்கள், சீட்டு விலைக்குள்ளேயே எல்லாம் அடங்க வேண்டும் என்று நினைப்பவர்கள். பிரித்தானியாவின் பி அண்ட் ஓ கப்பல்கள் 2019இல் தனிச் சேவைக் கட்டணத்தையே எடுத்துவிட்டன. ஜப்பானியரிடம் டிப்ஸ் எதிர்பார்ப்பதே முறையில்லை. நம் தமிழர்கள் நடுவில் நிற்பவர்கள். ஊர்ப்பேர் தெரிந்துவிட்டால் அள்ளிக் கொடுப்பார்கள். ஒரு முறை கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து வந்த ஓர் அம்மா என் சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, "தம்பி எந்த இடம்?" என்று கேட்டார். இறம்பொடை என்றதும், "ஆஞ்சநேயர் கோயில் மலையா?" என்று எழும்பி நின்றார். அந்தப் பயணம் முடியும்வரை நான் அவருக்கு வெயிட்டர் இல்லை, பிள்ளை.

டிப்ஸ் கொடுக்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மனம் கனக்கும். ஐரோப்பியச் செல்வர் வீட்டு வழக்கமாக இருந்த டிப்ஸ், அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்குப் பிறகு சம்பளத்துக்குப் பதிலாக வந்து உட்கார்ந்தது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைப் புல்மன் கொம்பனி தன் இரயில் பெட்டிகளில் பணியாட்களாகச் சேர்த்தது. சொற்பச் சம்பளம் கொடுத்து, மீதியைப் பயணிகளிடம் கேட்டு வாங்க விட்டது. அந்தப் பணியாட்கள் 1925இல் ஏ. பிலிப் ரண்டோல்ப் தலைமையில் சங்கம் கட்டி, 1937இல்தான் கொம்பனியோடு முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இடையில் 1931இல் ஹட்டனில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே காலத்தில் ஒரே தேவை. அமெரிக்க மத்திய சட்டத்தில், டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்க வேண்டிய ஆகக் குறைந்த மணிச் சம்பளம் 1991இலிருந்து இன்றுவரை 2 டொலர் 13 சதம்தான்.

கப்பலுக்கு அந்தச் சட்டமும் இல்லை. அமெரிக்காவிலிருந்து அமெரிக்கரை ஏற்றிக்கொண்டு போனாலும் கப்பல் பஹாமாஸ், பனாமா, மோல்டா, பெர்முடா என்று வேறொரு நாட்டுக் கொடியில் ஓடும். கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுச் சட்டம். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது சர்வதேசத் தொழில் அமைப்பின் 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் சமவாயம். அது 2013 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது, இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. மாதந்தோறும் கணக்கோடு சம்பளம், 24 மணித்தியாலத்தில் 10 மணித்தியால ஓய்வு, ஒப்பந்தம் முடிந்தால் கப்பல்காரர் செலவில் வீடு திரும்புதல் எல்லாம் அதில் இருக்கிறது. டிப்ஸ் எப்படிப் பங்கிட வேண்டும் என்பது அதில் இல்லை.

எங்கள் ஊரிலும் இதே கணக்கு வேறு உருவில் ஓடுகிறது. இறம்பொடை நீர்வீழ்ச்சியைப் பார்த்தபடி சாப்பிட்டு எழும்புகிறவர் பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் இருக்கும். அதற்குமேல் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம் வற் வரி. வரி அரசாங்கத்துக்குப் போகிறது. அந்த 10 வீதம் மாதக் கடைசியில் ஊழியருக்குப் புள்ளிக் கணக்கில் பிரியும். பருவ காலத்தில் சில இடங்களில் அது அடிப்படைச் சம்பளத்தையே தாண்டும். இந்தியாவில் வேறு நிலைமை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஹோட்டல் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்றது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. அதனால் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் எங்கள் மேசையில் பில்லைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். கேட்பது அவர்கள் உரிமை. நானும் கோபப்படாமல் விளக்குகிறேன். பிரித்தானியா இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறது. அங்கே 2024 ஒக்டோபர் 1ஆம் திகதியிலிருந்து, வாடிக்கையாளர் கொடுத்த சேவைக் கட்டணமும் டிப்ஸும் முழுதாகத் தொழிலாளருக்கே போக வேண்டும், முதலாளி அதில் பிடித்துக்கொள்ளக் கூடாது. இங்கேயும் அப்படி ஒரு சட்டம் எழுத்தில் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் சட்டம் வந்தாலும் ஒன்று மிச்சம் இருக்கும். விருந்தாளி வராவிட்டால் அந்தப் பங்கும் வராது. 2020 மார்ச்சில் கொரோனாவால் உலகத்து உல்லாசக் கப்பல்கள் ஏறத்தாழ எல்லாம் நின்றபோது, பயணிகளை இறக்கிவிட்ட கப்பல்களில் ஊழியர்கள் மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்தார்கள். பில் இல்லை, அதனால் 18 வீதமும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகள் எங்கள் வீதியை மூடியபோது, எங்கள் மண்டபத்து மேசைகளும் வெறுமையாகக் கிடந்தன. அந்த மாதம் எங்கள் பிள்ளைகள் வெறும் அடிப்படைச் சம்பளத்தோடுதான் வீட்டுக்குப் போனார்கள்.

வீதியோரத்தில் இன்னொன்றையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்களைப் படம் எடுத்துவிட்டுச் சிலர் காசு கொடுப்பார்கள், சிலர் வாகனத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காசு கேட்கும் பெண்ணைக் குறை சொல்கிறவர்கள், அவர் ஒரு நாளில் எத்தனை கிலோ பறிக்க வேண்டும், பறிக்காவிட்டால் அரைப்பேர் விழும் என்பதை அறிந்தால் அப்படிப் பேச மாட்டார்கள். முதலில் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். எடுத்தால் கொடுங்கள்.

கப்பல் என்றால் எங்கள் பாட்டி காலத்து ஆட்களுக்குத் தலைமன்னார் ஞாபகம்தான். எங்கள் சனங்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, அவர்களை அங்கிருந்து இராமேஸ்வரத்துக்கு ஏற்றிக்கொண்டுபோன இராமானுஜம் கப்பல், 1984 வரை அழுகையோடு ஓடியது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று கோர்டிலியா கொம்பனியின் எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் வந்தபோது, தமிழர்கள் உல்லாசத்துக்காகக் கப்பல் ஏறி இந்தப் பக்கம் வந்ததைப் பார்த்து எனக்கு உண்மையான சந்தோசம். 1990இல் றோயல் கரீபியனுக்காகக் கட்டப்பட்ட பழைய கப்பல் அது. அப்படிப் பயணம் செய்ய நினைக்கிற தமிழ்நாட்டு வாசகர்கள் சீட்டு எடுக்கும்போதே கேளுங்கள்: சேவைக் கட்டணம் இதற்குள் அடக்கமா, வெளியேயா? மதுவுக்கு வரி தனியா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கப்பல் வேலைக்குப் போக ஆசைப்படும் தம்பி தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. 'மாதம் ஆயிரத்து ஐந்நூறு டொலர்' என்று யாராவது சொன்னால், அதில் ஒப்பந்தத்தில் எழுதிய அடிப்படை எவ்வளவு, டிப்ஸ் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஆள் குறைந்த பருவத்தில் டிப்ஸ் குறைந்தால், கொம்பனி உத்தரவாதமாகத் தரும் ஆகக் குறைந்த தொகை என்ன என்று கேளுங்கள். கடல்சார் தொழிலாளர் சமவாயத்தின்படி, வேலை எடுத்துத் தருவதற்கென்று முகவர் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவு மட்டும் உங்களுடையது. விசாச் செலவு கப்பல்காரருடையது. அம்மாவின் நகையையும் சேமலாப நிதியையும் வைத்து இலட்சக்கணக்கில் கட்டச் சொல்கிறவர் கப்பலுக்கு ஆள் எடுக்கிறவர் இல்லை. காசு கொடுக்குமுன் கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்துக்குப் போய், அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இறம்பொடையிலிருந்து கொழும்புக்குப் பஸ் இருக்கிறது. ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை, போய்க் கேளுங்கள்.